இளமை தரும் மருந்தும் அளவை நூலும்

முதுமையை விரும்பி வரவேற்றவர் உலகில் மிகச் சிலர். நரை கண்டு கலங்குவதும் நடை தளர்ந்தமைக்கு வருந்துவதும் மக்கட்கு இயல்பு. இளமையை நீட்டிக்கும் பொருளொன்று எங்கேனும் இருத்தல் கூடும் என்னும் நம்பிக்கை இதனாலேயே எல்லா நாட்டுப் பழங்கதைகளிலும் இடம் பெற்றிருக்கிறது. அதியமான் நெடுமான் அஞ்சி ஔவையார்க்கு ஈந்த நெல்லிக்கனியை நாம் அறிவோம். தன் முதுமையை மகன் பூருவுக்குக் கொடுத்து அவன் இளமையை வாங்கிக்கொண்ட யயாதியையும் அறிவோம். சித்தர் மரபில் காயகற்பம் என்பது பெருமைக்குரிய ஒரு தனித் துறை.

இக்கதைகளைக் கூர்ந்து படிப்பார்க்கு ஒன்று புலனாகும். புறநானூற்றின் 91-ஆம் பாட்டில் ஔவையார் போற்றுவது கனியின் ஆற்றலை அன்று. கொடுத்தவன் நெஞ்சைப் போற்றுகிறார். யயாதியோ, பெற்ற இளமையை நெடுங்காலம் துய்த்தும் ஆசை அடங்காமை கண்டு, அதனை மகனிடமே திருப்பித் தந்தான். நம் முன்னோர் இளமை வேட்கையைப் பாடினர். அவ்வேட்கையை ஆராயவும் செய்தனர்.

இன்று அவ்வேட்கை குப்பியில் அடைபட்டு விலைக்கு வருகிறது. காஜாங் போன்ற நகரங்களின் மருந்துக் கடைகளிலும், இரவுச் சந்தைகளிலும், நேரடி விற்பனைக் கூட்டங்களிலும், கைத்தொலைபேசித் திரைகளிலும் அதைக் காணலாம். 'ஹார்மோன் குறைந்தால் முதுமை. ஹார்மோன் கூடினால் இளமை' என்பது அவ்விற்பனையின் சுருக்கம். வாங்குவோரில் பலர் தோட்டப்புறத்தில் பிறந்து, பல்லாண்டு உழைத்து, சேமநிதிப் பணத்தோடு ஓய்வு பெற்றவர்கள். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் ஏற்கெனவே மருந்துண்பவர்கள். அவர்கள் இழக்கக்கூடியது பணம் மட்டுமன்று. ஆகவே இம்மருந்துகளைப் பற்றிய கூற்றுகளைத் திறனாய்வு செய்வது காலத்தின் தேவை.

எந்த அளவுகோல் கொண்டு ஆராய்வது?

அளவுகோலை அயலாரிடம் கடன் வாங்க வேண்டியதில்லை. சீத்தலைச் சாத்தனார் மணிமேகலையில் 'சமயக்கணக்கர்தம் திறங்கேட்ட காதை' என்னும் 27-ஆம் காதையை அமைத்திருக்கிறார். வஞ்சி நகரில் மணிமேகலை முதலில் வினவுவது அளவைவாதியை. அவன் காண்டல், கருதல், உவமம், ஆகமம், ஐதிகம் முதலாகப் பத்து அளவைகளைக் கூறுகிறான். பின்னர், அளவை போலத் தோன்றி நம்மை ஏமாற்றும் குற்றங்கள் எட்டினையும் கூறுகிறான். திரியக்கோடல், தேராது தெளிதல், கண்டுணராமை, எய்தும் இல்வழக்கு, நினைப்பு என்பன அவற்றுட் சில. வகுப்பறையில் இவற்றைப் பொருள் சொல்லிக் கடந்துவிடுகிறோம். மருந்துக் குப்பியின் முன் நிற்கும்போது இவை எவ்வளவு பயன்படும் என்பதைப் பின்வரும் செய்திகள் காட்டும்.

ஹார்மோன் என்பது யாது?

உடலில் சில சுரப்பிகள் தம் சாற்றைக் குழாய் வழியாக அன்றி நேரே இரத்தத்தில் விடுகின்றன. அச்சாறு இரத்தத்தோடு சென்று தொலைவிலுள்ள உறுப்பைத் தூண்டுகிறது. 1902-ல் இங்கிலாந்தில் பேய்லிஸ், ஸ்டார்லிங் என்னும் இருவர் இத்தகைய சாறு ஒன்றைக் கண்டறிந்தனர். 1905-ல் ஸ்டார்லிங், தூண்டுவது என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'ஹார்மோன்' என்ற பெயரை வழங்கினார்.

இவற்றுட் சில வயதோடு குறைகின்றன என்பது உண்மை. அட்ரினல் சுரப்பி தரும் டி.எச்.இ.ஏ. என்னும் பொருள் இருபதுகளில் உச்சத்தில் இருந்து, எழுபது எண்பது வயதில் பத்தில் ஓரிரு பங்காகத் தாழ்கிறது. வளர்ச்சி ஹார்மோனும் குறைகிறது. ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் மெல்ல இறங்குகிறது. பெண்களின் ஈஸ்ட்ரோஜன் மாதவிலக்கு நிற்கும் பருவத்தில் விரைந்து வீழ்கிறது.

விற்பனையாளர் கூற்று இங்குதான் தொடங்குகிறது. 'குறைந்ததை நிரப்பினால் இளமை திரும்பும்' என்கிறார். இது கருதல் அளவை போலத் தோன்றும். ஆயின் முதுமையில் தலைமயிரும் நரைக்கிறது. மயிருக்குச் சாயம் தீட்டியவுடன் முழங்கால் வலி நீங்கிவிடுவதில்லை. இரண்டு ஒருங்கே நிகழ்வதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகாது. குறைவு முதுமையின் காரணமா, விளைவா, அன்றி உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் வழியா என்பதைச் சோதித்தே அறிய வேண்டும். வளர்ச்சி ஹார்மோன் பிறவியிலேயே சுரக்காத ஒருவகைக் குள்ள எலிகள் மற்ற எலிகளைவிட நெடுநாள் வாழ்கின்றன என்று 1996-ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. குறைவு தீமையே என்று முன்னரே முடிவு கட்டுவார்க்கு இந்த ஓர் எடுத்துக்காட்டே தடையாகும்.

இப்பியை வெள்ளி எனல்

இத்துறையின் வரலாறு ஒரு பேரறிஞரின் பிழையோடு தொடங்குகிறது. பிரவுன்-செக்கார் என்பவர் மொரீசியசுத் தீவில் 1817-ல் பிறந்தவர். பாரிசில் புகழ்பெற்ற உடலியல் பேராசிரியர். 1889-ஆம் ஆண்டு ஜூன் திங்கள், தம் 72-ஆம் அகவையில், அங்குள்ள உயிரியல் கழகத்தின் முன் ஒரு செய்தியை அறிவித்தார். நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விதைகளிலிருந்து எடுத்த சாற்றைத் தம் உடலில் ஊசியால் செலுத்திக்கொண்டதாகவும், உடல் வலிமையும் வேலை செய்யும் ஊக்கமும் முன்போல் திரும்பிவிட்டதாகவும் கூறினார். செய்தி உலகெங்கும் பரவியது. அச்சாற்றை விற்போர் பலர் தோன்றினர். ஐந்து ஆண்டுகளில், 1894-ல், அவர் காலமானார்.

அவர் பொய் சொன்னாரா? இல்லை. தாம் உணர்ந்ததையே சொன்னார். 2002-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் சிலர் அவர் எழுதிவைத்த முறைப்படியே சாறு தயாரித்து அளந்து பார்த்தனர். அதிலிருந்த டெஸ்டோஸ்டிரோன் உடலில் எம்மாற்றமும் செய்ய இயலாத அளவுக்குச் சிறிது. விதைகள் அந்த ஹார்மோனைச் சேமித்து வைப்பதில்லை. நீரில் அது எளிதில் கரைவதுமில்லை. அவர் பெற்ற வலிமையைத் தந்தது அவரது நம்பிக்கையே. இப்பியைக் கண்டு வெள்ளி என்று கொள்வதைத் திரியக்கோடல் என்கிறது மணிமேகலை. பார்த்தது உண்மை, பார்த்ததற்குக் கொண்ட பொருள் பிழை. ஒரு பெரும் பேராசிரியரே இப்பிழைக்கு ஆளானார் எனில், 'நான் உண்டு பார்த்தேன், பலன் தெரிந்தது' என்னும் அண்டை வீட்டுக்காரர் சொல்லை எவ்வளவு தூரம் கொள்ளலாம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்தியாவிலும் இதை ஒத்த நிகழ்ச்சியொன்று உண்டு. காசி இந்துப் பல்கலைக்கழகத்தை நிறுவிய பண்டித மதன் மோகன் மாளவியா 1938-ல், தம் 76-ஆம் வயதில், ஒரு துறவியின் மேற்பார்வையில் இருட்குடிலில் பல வாரம் தங்கிக் காயகற்பச் சிகிச்சை செய்துகொண்டார். நாடெங்கும் அது பேசப்பட்டது. அவர் 1946-ல் மறைந்தார். அச்சிகிச்சை பயன் தந்ததா? ஒருவரைக் கொண்டு இதற்கு விடை சொல்ல இயலாது. பல வாரம் ஓய்வும் ஒழுங்கான உணவும் அமைதியும் பெறும் முதியவர் எவரும் ஓரளவு தெளிவடைவர். மருந்தின் பங்கு எவ்வளவு, ஓய்வின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க ஒரே வழி, மருந்து உண்ணாமல் அதே ஓய்வைப் பெற்ற மற்றொரு குழுவோடு ஒப்பிடுவதே.

அம்முறையே இன்றைய மருத்துவச் சோதனையின் அடிப்படை. ஒத்த நிலையிலுள்ளோரைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரிப்பர். ஒரு குழுவுக்கு உண்மை மருந்து. மற்றதற்கு அதே வடிவும் நிறமும் கொண்ட போலி மருந்து. எவர் எதை உண்கிறார் என்பதை உண்பவரும் அறியார், அளப்பவரும் அறியார். தேர்வுத் தாளில் மாணவன் பெயரை மறைத்துத் திருத்துகிறோம் அன்றோ? அதே நீதிதான் இதுவும்.

தேராது தெளிதல்

1990-ஆம் ஆண்டு ஜூலையில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ரட்மன் என்பவரும் அவர் குழுவினரும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். 61 முதல் 81 வயது வரையுள்ள 21 ஆண்களுள் 12 பேருக்கு ஆறு மாதம், வாரம் மும்முறை, வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடப்பட்டது. ஒன்பது பேர் ஊசி பெறவில்லை. ஊசி பெற்றவர்களின் கொழுப்பற்ற உடல் எடை 8.8 விழுக்காடு கூடியது, கொழுப்பு 14.4 விழுக்காடு குறைந்தது. இம்மாற்றம் பத்து முதல் இருபது ஆண்டு முதுமையின் மாற்றத்துக்கு நிகர் என்று ஆசிரியர்கள் எழுதினர். அவர்கள் சொன்னது தசை, கொழுப்பு ஆகியவற்றின் அளவைப் பற்றி. விளம்பரம் எழுதியோர் அதை 'இருபது ஆண்டு இளமை' என்று திரித்துவிட்டனர்.

மூலத்தைப் படித்துப் பார்ப்போம். மருந்து பெற்றவர் பன்னிருவரே. போலி மருந்து கொடுக்கப்படவில்லை. ஆகவே தாம் மருந்து பெறுவதை அனைவரும் அறிந்திருந்தனர். தசை கூடியதால் வலிமை கூடியதா, நடை விரைந்ததா என்பது காட்டப்படவில்லை. 2003-ல் அவ்விதழே, தன் பழைய கட்டுரையை விற்பனையாளர் பயன்படுத்தும் முறையைக் கண்டித்து எழுத நேர்ந்தது. 2007-ல் பல சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த அறிக்கை, வளர்ச்சி ஹார்மோன் பெற்ற 220 முதியோரைக் கணக்கிட்டது. கொழுப்பு ஏறத்தாழ இரண்டு கிலோ குறைந்தது. கொழுப்பற்ற எடை இரண்டு கிலோ கூடியது. அதற்கு விலையாக உடல் வீக்கம், மூட்டு வலி, மணிக்கட்டு நரம்பு நெரிபடுதல், ஆண்களுக்கு மார்பு பருத்தல் ஆகியவை மிகுந்தன. முதுமைத் தடுப்புக்கு இதனைப் பரிந்துரைக்க இயலாது என்பதே அந்த ஆய்வின் முடிவு. அமெரிக்காவில் ஒப்புதலற்ற நோக்கத்துக்கு இதை வழங்குவது சட்டப்படி குற்றமும் ஆகும்.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. வளர்ச்சி ஹார்மோன் 191 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதம். வாய் வழியே உண்டால், முட்டையும் பருப்பும் செரிப்பதுபோல் வயிற்றில் செரித்துவிடும். எனவே அதை மாத்திரையாகவோ நாவின் கீழ்த் தெளிப்பாகவோ விற்பவர், ஊசி மருந்தின் ஆய்வைத் தம் பொருளுக்குச் சான்றாகக் காட்டுவது எவ்வகையிலும் பொருந்தாது. வெளியிடத்தில் நிற்கும் தறியை ஆராயாமல் மனிதன் என்று துணிவதைத் தேராது தெளிதல் என்றார் சாத்தனார். மூலக் கட்டுரையைத் திறந்து பாராமல் 'ஆய்வு நிரூபித்தது' என்பவர் செய்வதும் இதுவே.

டி.எச்.இ.ஏ., டெஸ்டோஸ்டிரோன்

டி.எச்.இ.ஏ. அமெரிக்காவில் 1994-ஆம் ஆண்டின் துணை உணவுச் சட்டத்துக்குப் பின் கடைகளில் தாராளமாக விற்கப்படுகிறது. இணையக் கடைகள் வழியே பிற நாட்டினர் கைக்கும் எட்டுகிறது. 2000-ல் பிரான்சு நாட்டில் 280 பேரைக் கொண்டு ஓராண்டு நடந்த சோதனையில், எழுபது கடந்த பெண்களுக்குத் தோல், காம உணர்வு ஆகியவற்றில் சிறு நன்மை தெரிந்தது. 2006-ல் மேயோ மருத்துவ நிலையத்தார் 87 ஆண்களையும் 57 பெண்களையும் இரண்டு ஆண்டு ஆராய்ந்தனர். ஹார்மோன் அளவு இரத்தத்தில் இளைஞர் அளவுக்கு உயர்ந்தது. ஆனால் உடல் வலிமையிலோ, இன்சுலின் வேலை செய்யும் திறத்திலோ, வாழ்க்கை நலத்திலோ பயனுள்ள மாற்றம் ஏற்படவில்லை. எண் ஏறியது; மனிதர் மாறவில்லை. இவ்வொரு முடிவை மட்டும் நினைவில் வைத்தால் பாதி விளம்பரங்கள் விழுந்துவிடும்.

டெஸ்டோஸ்டிரோன் பற்றி நடுநிலையோடு பேச வேண்டும். சுரப்பியில் நோயுள்ளவர்க்கு அது இன்றியமையாத மருந்து. 65 வயது கடந்து, ஹார்மோன் அளவு உண்மையிலேயே குறைந்திருந்த 790 ஆண்களைக் கொண்டு நடந்த சோதனையின் முடிவுகள் 2016, 2017-ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. பால் உணர்வில் நடுத்தர முன்னேற்றம் உண்டு. எலும்பின் அடர்த்தியும் குருதிச்சோகையும் சீர்பட்டன. உடலூக்கத்தில் குறிப்பிடத்தக்க உயர்வில்லை. நினைவாற்றலில் இல்லவே இல்லை. இதயத் தமனிகளில் படிவு கூடியது. 2023-ல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களைக் கொண்ட பெருஞ்சோதனை, மாரடைப்பும் பக்கவாதமும் போலி மருந்தைவிட மிகவில்லை என்று காட்டியது நற்செய்தியே. ஆயினும் இதயத் துடிப்பு ஒழுங்கின்மையும் நுரையீரலில் குருதிக்கட்டி அடைப்பும் சற்று மிகுந்தன. எலும்பு அடர்த்தி கூடும் என்றிருக்க, எலும்பு முறிவு குறையாமல் கூடியதாக 2024-ல் அறிவித்தனர். அளவீடு சீராவதும் வாழ்வு சீராவதும் வெவ்வேறு என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் இல்லை.

புலி வருவதைக் கண்டுணராமை

பெண்களின் நிலை இதனினும் படிப்பினை மிக்கது. 1966-ல் அமெரிக்க மருத்துவர் இராபர்ட் வில்சன், ஈஸ்ட்ரோஜன் உண்டால் பெண் என்றும் பெண்ணாகவே இருப்பாள் என்னும் கருத்தில் ஒரு நூல் எழுதினார். அது பல்லாயிரக்கணக்கில் விற்றது. பின்னர் வந்த கணக்கெடுப்புகளும் ஹார்மோன் உண்ணும் பெண்களுக்கு இதயநோய் குறைவு என்று காட்டின. மருத்துவ உலகமே நம்பியது.

கணக்கில் ஒரு குறை ஒளிந்திருந்தது. தனிவகுப்புக்குச் செல்லும் மாணவர் நல்ல மதிப்பெண் பெறுகிறார்; தனிவகுப்பே காரணம் என்று சொல்லிவிடலாமா? தனிவகுப்புக்கு அனுப்பும் வீட்டில் படிப்பில் அக்கறையும், நூலும், நல்லுணவும் முன்னரே இருக்கும். அதுபோலவே அந்நாளில் ஹார்மோன் உண்ட பெண்கள் பெரும்பாலும் கல்வியும் வசதியும் உடல்நலப் பேணலும் உடையவர்கள்.

16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த பெருஞ்சோதனை 2002 ஜூலையில் குறித்த காலத்துக்கு முன்னரே நிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்து உண்ட பத்தாயிரம் பெண்களில் ஓராண்டில், போலி மருந்து உண்டவரைவிட மார்பகப் புற்றுநோய் 8, மாரடைப்பு முதலிய இதயத் தாக்கு 7, பக்கவாதம் 8, நுரையீரல் குருதிக்கட்டி 8 மிகுந்தன. பெருங்குடல் புற்றுநோய் 6, இடுப்பெலும்பு முறிவு 5 குறைந்தன. எண்கள் சிறியவை, ஆனால் நலமுள்ள பெண்ணுக்கு நோய் வராமலிருக்கக் கொடுத்த மருந்து அது என்பதை மறத்தலாகாது. புலி அருகில் வந்தும் அதனை அறியாதிருத்தலைக் கண்டுணராமை என்கிறது மணிமேகலை. முப்பதாண்டுக்கும் மேலாக இந்தப் புலியைப் பலர் கண்டும் உணரவில்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்லுதல் கடமை. அச்சோதனையில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. அறுபதுக்கு உட்பட்டு, மாதவிலக்கு நின்று பத்தாண்டு கடவாத பெண்களுக்குத் தீமை குறைவு என்று பிற்கால ஆய்வுகள் தெளிவுபடுத்தின. உடல் கொதிப்பும் உறக்கமின்மையும் வாட்டும் பெண்ணுக்கு மருத்துவர் அளந்து கொடுக்கும் ஹார்மோன் நன்மருந்தே. நோய்க்கு மருந்து தருவது வேறு. முதுமையை நோய் என்று பெயரிட்டு எல்லார்க்கும் விற்பது வேறு.

நம் காட்டு வேர்

இனி நம் நாட்டுப் பொருளுக்கு வருவோம். தொங்காட் அலி என்பது இம்மண்ணின் காடுகளில் வளரும் செடியின் வேர். 'அலியின் ஊன்றுகோல்' என்பது அதன் மலாய்ப் பெயரின் பொருள். மலாய் மருத்துவத்தில் வேரின் கசாயம் காய்ச்சலுக்கும் உடல் வலிமைக்கும் நெடுநாளாக வழங்கிவருகிறது. இன்று அது மாத்திரையாகவும் கோப்பித் தூளாகவும் 'இயற்கை ஹார்மோன் ஊக்கி' என்ற பெயரில் விற்கப்படுகிறது.

வழிவழி வந்த வழக்கை ஐதிகம் என்று அளவை நூல் ஏற்கிறது, நாமும் ஏற்கலாம். ஆனால் ஐதிகம் ஆராய்ச்சிக்குத் தொடக்கமேயன்றி முடிவன்று. 2012-ல் வெளிவந்த மலேசிய ஆய்வொன்றில், ஹார்மோன் குறைபாடுடைய 76 ஆண்கள் ஒரு மாதம் நாள்தோறும் 200 மில்லிகிராம் வேர்ச்சாறு உண்டனர். தொடக்கத்தில் 35.5 விழுக்காட்டினர்க்கே ஹார்மோன் இயல்பு அளவில் இருந்தது, முடிவில் 90.8 விழுக்காட்டினர்க்கு இருந்தது. வியக்கத்தக்க எண்தான். ஆனால் ஒப்பிட மறு குழு இல்லை. பின்னர்ப் போலி மருந்தோடு ஒப்பிட்டுச் செய்த சில சிறு சோதனைகளில் ஓரளவு உயர்வு தெரிந்தது. எனவே இவ்வேர் வெறும் கட்டுக்கதை என்று தள்ளுவதும் நேர்மையாகாது. அதே வேளை, ஹார்மோனையே நேராகக் கொடுத்த பெருஞ்சோதனையில் முதியோர்க்கு உடலூக்கம் கூடவில்லை என்பதை மேலே கண்டோம். ஹார்மோனைச் சிறிதே உயர்த்தும் வேர், அதே வழியில் இளமையைத் திருப்பித் தரும் என்று எவ்வாறு துணிவது?

தீமைப் பக்கமும் உண்டு. 2021-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இவ்வேர்ச்சாறு மரபணுக்களுக்குக் கேடு செய்யக்கூடும் என்று ஐயுற்று, இதன் பாதுகாப்பு நிலைநாட்டப்படவில்லை என்றது. பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தார் முன்னர் மலேசியக் கடைகளில் வாங்கிச் சோதித்த தயாரிப்புகளுள் கணிசமானவற்றில் வரம்பு மீறிய பாதரசம் இருந்தது. இத்தகைய கோப்பித் தூள்களிலும் மாத்திரைகளிலும் சில்டெனாபில் என்னும் மருந்து களவாகக் கலக்கப்பட்டிருந்ததைப் பல நாட்டு அதிகாரிகள் பன்முறை கண்டுபிடித்துள்ளனர். இதய நோய்க்கு நைட்ரேட் மாத்திரை உண்பவர் சில்டெனாபிலையும் உண்டால் இரத்த அழுத்தம் திடீரென வீழ்ந்து உயிருக்கே கேடு நேரலாம். 'இயற்கைப் பொருள்தானே, என்ன செய்துவிடும்?' என்று கேட்கும் முதியவர்க்கு இதுவே விடை.

சொல்லின் மயக்கம்

தமிழாசிரியர்க்கு உரிய பகுதி இனித்தான் வருகிறது. முயற்கொம்பு என்று சொல்லிவிட்டால் மனம் ஒரு கொம்பைக் கற்பனை செய்துகொள்கிறது; பொருள் உலகில் இல்லை. இதை எய்தும் இல்வழக்கு என்பர். 'முதுமை எதிர்ப்பு' என்னும் தொடர் அத்தகையது. முதுமையைத் தடுத்ததாகவோ திருப்பியதாகவோ மனிதரிடம் மெய்ப்பிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. 2002-ல் முதுமை ஆராய்ச்சியாளர் 51 பேர் கையொப்பமிட்ட அறிக்கை இதனை வெளிப்படையாகக் கூறியது. இன்றும் அந்நிலை மாறவில்லை. சொல் முன்னே சென்று, பொருளைப் பின்னே தேடும்படி நம்மை விட்டுவிடுகிறது.

'பதிவு பெற்றது' என்பது மற்றொரு மயக்கச் சொல். மலேசியாவில் மருந்துகளும் துணை உணவுகளும் பெட்டாலிங் ஜெயாவிலுள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தில் பதிவாகி, எம்.ஏ.எல். எனத் தொடங்கும் எண் பெற வேண்டும். எண்ணின் இறுதி எழுத்து 'டி' ஆயின் மரபுவழி இயற்கைப் பொருள். 'என்' ஆயின் உடல்நலத் துணைப்பொருள். இவ்வகைப் பதிவில் முதன்மையாக நோக்கப்படுவன பாதுகாப்பும் தரமும். மரபுப் பயன்பாட்டைக் காட்டியே பெற்ற பதிவு, சோதனையில் பயன் மெய்ப்பிக்கப்பட்டது என்பதற்குச் சான்றாகாது. பதிவு இல்லாத பொருளைத் தொடவே கூடாது; பதிவு உள்ளதாலேயே நம்பிவிடவும் கூடாது.

1956-ஆம் ஆண்டின் மருந்து விளம்பரச் சட்டம், புற்றுநோய், நீரிழிவு, ஆண்மைக் குறைவு உள்ளிட்ட இருபது நோய்களைக் குறித்துப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. மருந்து விளம்பரங்கள் வாரியத்தின் ஒப்புதல் பெற்று, கே.கே.எல்.ஐ.யு. எண்ணைத் தாங்கி வரவேண்டும். ஆனால் அந்த இருபதில் முதுமை இல்லை. அது நோய் அன்று. ஆகவே 'இளமை', 'புத்துணர்ச்சி', 'சக்தி' என்னும் நோயற்ற சொற்களில் விளம்பரம் புகுந்துகொள்கிறது. சட்டம் எட்டாத இடம் சொற்பொருள் ஆராய்ச்சிக்கு எட்டும்.

தடை விடை

சிலர் வினவுவர்: 'மேலைநாட்டுச் சோதனையை வைத்து நம் சித்தர் மருந்தை அளக்கலாமா?' அளவைகள் எந்த நாட்டின் உடைமையும் அல்ல. வஞ்சியில் பேசப்பட்டவை அவை. இங்கு நாம் மறுத்தவற்றுள் பெரும்பாலானவை பாரிசிலும் அமெரிக்காவிலும் பிறந்த மேலைநாட்டுக் கூற்றுகளே என்பதையும் கருதுக.

வேறு சிலர், 'நம்பிக்கையால் ஒரு முதியவர் மகிழ்ந்தால் உமக்கு என்ன இழப்பு?' என்பர். மகிழ்ச்சியைக் கெடுப்பது நம் நோக்கமன்று. ஆனால் அந்நம்பிக்கை மாதந்தோறும் சில நூறு வெள்ளியை விழுங்கி, மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தச் செய்யுமானால், அது மகிழ்ச்சியாகாது. காரணமின்றிப் பிறர் சொன்னதையே தன் அறிவாகக் கொள்ளுதலை நினைப்பு என்று சாத்தனார் குற்றத்தில் வைத்தார். நேரடி விற்பனைக் கூட்டங்களில் மேடையேறிச் சான்று சொல்வோர் பலர் இந்நிலையினர். அவர்கள் பொய்யர் அல்லர். கேட்டதைத் தம் அனுபவமாகவே நம்பிவிட்டவர்கள்.

நாம் செய்யத்தக்கது

ஒரு குப்பியைக் கையில் எடுக்கும்போது ஐந்து வினாக்கள் போதும். சோதனை மனிதரிடம் நடந்ததா? போலி மருந்தோடு ஒப்பிட்டார்களா? எத்தனை பேர், எவ்வளவு காலம்? மாறியது இரத்தத்தின் எண்ணா, மனிதரின் நடையும் வலிமையும் ஆயுளுமா? நான் ஏற்கெனவே உண்ணும் மருந்தோடு இது சேருமா? கடைசி வினாவை மருந்தாளரிடமோ மருத்துவரிடமோ கேட்டே தீர வேண்டும். அரசு மருத்துவ நிலையத்தில் அதற்குச் செலவு மிகக் குறைவு.

முதுமையில் வலிமை காக்கும் வழி இல்லாமல் இல்லை. தசைக்கு வேலை தரும் பயிற்சி, நாள்தோறும் நடை, புகையை விடுதல், இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அடக்கி வைத்தல் ஆகியவற்றுக்குச் சான்று நிறைய உண்டு. தொண்ணூறு வயதை எட்டியவர்க்கும் எடைப் பயிற்சியால் கால் வலிமை பெருகியதை 1990-ஆம் ஆண்டின் ஆய்வொன்று காட்டியது. ரட்மனின் ஊசி பற்றிய கட்டுரையும் அதே ஆண்டில்தான் வெளிவந்தது. ஊசி உலகப்புகழ் பெற்றது, பயிற்சி பெறவில்லை. பயிற்சியைக் குப்பியில் அடைத்து விற்க முடியாது என்பதே காரணம் போலும். திருக்குறளின் 95-ஆம் அதிகாரமாகிய 'மருந்து' பெரும்பாலும் உண்ணும் அளவைப் பற்றியே பேசுவதும் எண்ணத்தக்கது.

மணிமேகலையின் 27-ஆம் காதையை வறண்ட பகுதி என்று சொல்லித் தள்ளும் வழக்கம் நம்மிடையே உண்டு. அடுத்தமுறை அதை நடத்தும் ஆசிரியர், ஒரு மருந்து விளம்பரத்தை வகுப்புக்கு எடுத்துச் செல்லட்டும். இதில் தேராது தெளிதல் எங்கே, திரியக்கோடல் எங்கே, இல்வழக்கு எங்கே என்று மாணவரைக் கண்டுபிடிக்கச் சொல்லட்டும். அம்மாணவன் மாலையில் வீடு திரும்பி, தாத்தாவின் மேசையிலுள்ள குப்பியை எடுத்துப் படித்து ஒரு கேள்வி கேட்பான். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட நூலொன்று இன்று ஓர் உயிரைக் காக்க அந்த ஒரு கேள்வி போதும்.